அடிமூடிக்குள் ஒரு படம்: மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மிக்ஸி, மின்விசிறி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்:

உங்கள் மிக்ஸி ஒன்று நின்றுபோனால் வீட்டில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜாரைக் கழற்றி வைத்துவிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரப்பர் கால்களைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே தெரியும் பழுது பெரும்பாலும் சின்னதுதான். கார்பன் தேய்ந்திருக்கும், ஜாரிலிருந்து ஒழுகிய சட்னித் தண்ணீர் சுவிட்சுக்குள் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், எங்கோ ஒரு ஒயர் அறுந்து தொங்கும். பழுதைக் கண்டுபிடிப்பதும் புதுப் பாகம் வாங்கி வருவதும் யாரையும் அவ்வளவு சிரமப்படுத்துவதில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டும்போதுதான் கை நிற்கிறது. எந்த ஒயர் எங்கே இருந்தது?

இந்த மடல் கேட்பது ஒன்றுதான். நீங்கள் விற்கும் ஒவ்வொரு மோட்டார்க் கருவியின் அடிமூடிக்குள்ளும் அதன் ஒயரிங் படத்தை வையுங்கள். காயில் முனைகளுக்குப் பெயரிடுங்கள். அந்தப் பெயரும் படமும் கருவி உயிரோடு இருக்கும்வரை அழியாதபடி செய்யுங்கள்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேண்டுகோள் ஏன் முக்கியம் என்பதற்கு மிக்ஸியிலிருந்தே தொடங்கலாம். அதற்குள் இருப்பது யுனிவர்சல் மோட்டார். இரண்டு ஃபீல்டு காயில்கள், நடுவில் சுழலும் ஆர்மேச்சர், அதன் கம்யூட்டேட்டரில் உரசும் இரண்டு கார்பன்கள். எல்லாம் தொடராக இணைந்தவை. சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 முதல் 20,000 சுற்றுவரை ஓடக்கூடியது. பல மாடல்களில் வேகத்தை மாற்றுவதற்காக ஃபீல்டு காயிலின் நடுவிலிருந்தும் ஒயர்கள் வெளியே வரும். திருகு சுவிட்சை 1இல் வைத்தால் மின்சாரம் காயிலின் எல்லாச் சுற்றுகள் வழியாகவும் போகிறது. காந்தப்புலம் வலுவாகி வேகம் குறைகிறது. 3இல் வைத்தால் சில சுற்றுகள் விடுபடுகின்றன. புலம் தளர்ந்து வேகம் கூடுகிறது. சுற்று அதிகமானால் வேகமும் அதிகமாகும் என்றுதான் முதன்முறை திறப்பவர் நினைப்பார். அந்த நினைப்பில் மீட்டரை வைத்து அளந்து, மின்தடை கூடிய முனையை 3க்கும் குறைந்ததை 1க்கும் கொடுத்துவிடுவார். அடுத்த நாள் காலை, 1இல் மெதுவாகத் தொடங்க வேண்டிய மிக்ஸி, ஜார் நிறைய மிளகாய்த்தூளோடு எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பாயும்.

இது மிக்ஸி ஓடுகிற தவறு. ஓடாத தவறு ஒன்றும் உண்டு. இரண்டு ஃபீல்டு காயில்களும் ஆர்மேச்சருக்கு இருபுறமும் எதிரெதிர்த் துருவங்களாக நிற்க வேண்டும். அவற்றில் ஒன்றின் தலையையும் வாலையும் மாற்றி இணைத்துவிட்டால் இரண்டு புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆர்மேச்சர் சுற்றாது, சுற்றாத ஆர்மேச்சர் எதிர் மின்னழுத்தத்தையும் உண்டாக்காது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தப் பெரிதாக எதுவும் இல்லாமல் மோட்டார் உறுமும். அடியிலுள்ள அந்தச் சிவப்பு ஓவர்லோடு பொத்தான் உரிய நேரத்தில் துள்ளினால் பிழைத்தது. அந்தப் பொத்தானைத் தவிர்த்து அதன் ஒயர்களை 'நேராக' முறுக்கி விட்டிருந்தால், சில நொடிகளில் எனாமல் கருகும் வாடை வரும். இருபது ரூபாய்ப் பாகத்தை மாற்றப் போய் முழு மோட்டாரும் வைண்டிங் கடைக்குப் போகும்.

மூன்றாவது தவறு இன்னும் நுட்பமானது. இந்த மோட்டாரில் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சுழலும் திசை மாறாது. ஃபீல்டிலும் ஆர்மேச்சரிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்புவதுதான் காரணம். ஆனால் கார்பனுக்குப் போகும் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றினால் திசை மாறிவிடும். கப்ளரின் மரை, மோட்டார் ஓட ஓட இறுகும்படி வெட்டப்பட்டது. திசை மாறினால் அதே ஓட்டம் கப்ளரைக் கழற்றிவிடும். கார்பன்களின் இடமும் ஒரே திசைக்கு ஏற்றபடி அமைந்திருப்பதால், எதிர்த்திசையில் கம்யூட்டேட்டரில் பொறி பறக்கும். கழற்றியவர் 'ஆர்மேச்சர் போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார். போனது ஆர்மேச்சர் அல்ல. இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே.

கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதாதா என்று உங்களில் சிலர் கேட்கலாம். அது நல்ல பழக்கம்தான். இப்போது பலரும் செய்கிறார்கள். ஆனால் புகைந்துபோன மிக்ஸிக்குள் சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். அதற்கு முன்பே இன்னொருவர் கை வைத்திருந்தால், கையில் கிடைத்த ஏதோ ஒரு நிறத்து ஒயரை அவர் ஒட்டியிருப்பார். ஸ்லீவ் உருகி எழுத்து போயிருக்கும். ஏற்கெனவே தவறாக மாட்டியிருப்பதைப் படமெடுத்தால் தவறுதான் பத்திரமாக இருக்கும்.

நிறத்தை நம்பவும் வழியில்லை. வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை; மின்கருவியின் கம்பியில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று ஓர் ஒழுங்காவது இருக்கிறது. மோட்டாருக்குள் அந்த ஒழுங்கு இல்லை. ஒரு கம்பெனியின் சீலிங் ஃபேனில் சிவப்பு ஸ்டார்ட்டிங் என்றால், இன்னொன்றில் அதுவே ரன்னிங்காக இருக்கும்.

சீலிங் ஃபேனைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நம் வீடுகளில் அடிக்கடி கழற்றப்படும் மோட்டார்களில் அதுவும் ஒன்று. அதன் அமைப்பே தனி: காயில் சுற்றிய ஸ்டேட்டர் நடுவில் அசையாமல் நிற்க, இறக்கைகளைத் தாங்கிய வெளிக்கூடு அதைச் சுற்றி வருகிறது. உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என இரண்டு காயில்கள். வெளியே வருவது மூன்று ஒயர்கள்: ரன்னிங் முனை, ஸ்டார்ட்டிங் முனை, இரண்டுக்கும் பொதுவான காமன். ஸ்டார்ட்டிங் காயிலோடு 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று தொடராக நின்று, அந்தக் காயிலின் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளுகிறது. அந்த முன்தள்ளலே சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஃபேன் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

கண்டென்சர் தவறிப்போய் ரன்னிங் முனையில் மாட்டப்பட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். இறக்கைகள் சுழலும், சத்தம் வரும், காற்று மட்டும் கீழே வராது. உறை போட்டு மூடி, கூரையில் மாட்டி, நாற்காலியிலிருந்து இறங்கி நின்ற பிறகுதான் இது தெரியும்.

மூன்று ஒயர்களை இனம் காணும் வழியை ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் அறிவார். மல்டிமீட்டரில் மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு ஜோடி 250 ஓம், இன்னொன்று 300 ஓம், மூன்றாவது 550 ஓம் என்று வந்தால், மிகப் பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருப்பதைக் கவனிக்கலாம். 550 காட்டிய ஜோடியில் இல்லாத ஒயர் காமன். காமனுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் இடையே மின்தடை பெரும்பாலும் அதிகமாக இருக்கும். காமனுக்கும் ரன்னிங்குக்கும் இடையே குறைவாக இருக்கும். அழகான, பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு எல்லா மோட்டாருக்கும் பொருந்தாது என்பதுதான் சிக்கல். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கும் பக்கத்து மோட்டார், வலமும் இடமுமாக மாறி மாறிச் சுற்ற வேண்டியது. எனவே அதன் இரண்டு காயில்களும் ஒரே அளவில் சுற்றப்பட்டிருக்கும். அங்கே ஸ்டார்ட்டிங், ரன்னிங் என்ற நிரந்தரப் பாகுபாடே இல்லை. டைமர் எந்தக் காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுக்கிறதோ அதுவே அப்போது ரன்னிங். அதே மெஷினில் பிழியும் பக்கத்து மோட்டார் ஒரே திசையில் சுற்றுவது. ஒரே பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மோட்டார்களுக்கு இரண்டு கணக்குகள். இதைச் சொல்லும் ஒரு வரி அந்தப் பெட்டியின் பின்மூடிக்குள் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்!

நம் ஊர் மெக்கானிக்குகள் இந்த இருட்டைத் தாண்ட ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள்: சீரிஸ் லேம்ப். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மோட்டாரோடு தொடராகக் கோத்து மின்சாரம் கொடுப்பது. உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுதாக எரியும். ஃபியூஸ் போகாது, காயில் கருகாது. ஃபேனுக்கு இது நம்பகமான சோதனை. சரியாக மாட்டியிருந்தால் பல்பு மங்கலாக எரிய, ஃபேன் சுற்றும். மிக்ஸிக்கு இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகப் பேசாது. அதன் மோட்டாரின் மின்தடை மிகக் குறைவு என்பதால், எல்லாம் சரியாக இருந்தாலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். மோட்டாரைக் காப்பாற்றும், ஒயர் சரியா தவறா என்று சொல்லாது. அந்தக் குண்டு பல்பும் கடைகளில் அருகி வருகிறது. அதன் இடத்தில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் இந்தச் சோதனை நடக்காது.

இதுவரை சொன்ன தவறுகளுக்கெல்லாம் ஒரு நல்ல குணம் உண்டு. அவை தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். உறுமும், புகையும், பொறி பறக்கும், காற்று வராது. காட்டிக்கொடுக்காத தவறு ஒன்று இருக்கிறது. இந்த மடலை எழுதத் தூண்டியதும் அதுதான்.

டேபிள் டாப் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூடு எவர்சில்வர். சுற்றிலும் ஈரம், மாவு வழியும், நனைந்த கையோடுதான் அதைத் தொடுவார்கள். அதன் மூன்று முள் பிளக்கிலிருந்து வரும் பச்சை-மஞ்சள் எர்த் ஒயர் உடம்போடு ஒரு திருகால் இணைக்கப்பட்டிருக்கும். பெல்ட் மாற்றவோ கண்டென்சர் மாற்றவோ திறந்தவர், மூடும்போது அந்த ஒரு திருகை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கிரைண்டர் முன்போலவே ஓடும். மாவு முன்போலவே அரைபடும். மாதங்கள் ஓடும். ஒருநாள் காயிலின் எனாமல் எங்கோ ஓரிடத்தில் உரிந்து, மின்சாரம் கூட்டைத் தொடும். எர்த் இணைந்திருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போயிருக்கும். இணையாததால் எவர்சில்வர் கூடு முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய வீடுகள் தப்பலாம். அது இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

கழற்றிப் பூட்டியவர் திறமையற்றவர் என்று இதற்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் எர்த் திருகு இருந்த இடத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டமும், 'இது இல்லாமல் மூடாதே' என்று தமிழில் ஒரு வரியும் இருந்தால் அவர் அதை விட்டிருப்பாரா? வார்ப்பிலேயே பதிக்கக்கூடிய வரி அது.

வீட்டில் திறப்பதே ஆபத்து, ஆகவே திறக்க உதவும் படத்தைத் தர மாட்டோம் என்பது உங்கள் தரப்பில் வழக்கமாக வரும் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் தொடுபவர்கள் இருக்கிறார்கள். வாஷிங் மெஷினின் கண்டென்சர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் திறப்பு உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. தெருமுனை எலக்ட்ரிக் கடைக்காரர் திறக்கிறார், ஐ.டி.ஐ. படித்த பையன் திறக்கிறான். ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் அக்கம்பக்கத்துக்காகத் திறக்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர்களில் வேறு வழியும் கிடையாது. மூடியை எப்படியும் திறக்கப் போகிறவரின் கையில் படமும் எச்சரிக்கையும் இருப்பதா, ஊகம் மட்டும் இருப்பதா என்பதுதான் மிஞ்சும் கேள்வி. 'பிளக்கைப் பிடுங்கு, கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்' என்ற எச்சரிக்கைக்கும் அந்த அடிமூடியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வாங்கிய அன்றே அட்டைப்பெட்டியோடு எடைக்குப் போகும் கையேட்டில் அதை அச்சிடுவதால் யாருக்கும் பயனில்லை.

நீங்கள் இதை வேறு இடங்களில் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். விவசாயக் கிணற்றின் மும்முனை மோட்டாரில் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர்: யு1, வி1, டபிள்யூ1, யு2, வி2, டபிள்யூ2. எந்தத் தகட்டை எப்படிப் போட்டால் ஸ்டார், எப்படிப் போட்டால் டெல்டா என்ற படம் மூடியிலேயே இருக்கும். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவைத் திறந்தால் உட்புறத்தில் ஒயரிங் படம் ஒட்டியிருக்கும். ஏ.சி.யின் வெளியலகு மூடிக்குள்ளும் அப்படியே. அமெரிக்காவில் விற்கும் பல வாஷிங் மெஷின்களுக்குள் மெக்கானிக்குக்கான தாள் ஒன்றை மடித்துச் செருகியே அனுப்புகிறார்கள். பழைய வால்வு ரேடியோப் பெட்டிகளுக்குள் எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாள் ஒட்டியிருந்தது. பம்பு மோட்டாரும் கிரைண்டரும் ஒரே கோவையில் செய்யப்படுகின்றன. வயலில் இருக்கும் மோட்டாருக்குக் கொடுத்த படத்தைச் சமையலறை மோட்டாருக்கு ஏன் மறுக்க வேண்டும்? பல வீடுகளில் இரண்டையும் திறப்பவர் ஒருவராகவே இருக்கிறாரே.

கோவை என்றதும் உங்கள் தொழிலின் பிறப்பு நினைவுக்கு வருகிறது. ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார். அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார்கள். அதே ஊரில் 1955இல் பி. சபாபதி ஆட்டுக்கல்லோடு மோட்டாரைச் சேர்த்து வெட் கிரைண்டரை உருவாக்கினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பிறகு புவிசார் குறியீடும் பெற்றது. இந்திய மிக்ஸியின் கதை இன்னும் பொருத்தமானது. பம்பாயில் சீமன்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்யபிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஜெர்மானிய பிரௌன் மிக்ஸி ஒன்று பழுதானது. அதை இங்கே சரிசெய்து தர ஆளில்லை. மனைவி மாதுரி கேட்க, நம் ஊர் அரைப்பைத் தாங்கும் மோட்டாரோடு அவர் உருவாக்கியதுதான் 1963இல் வந்த சுமீத். பழுதுபார்க்க முடியாத ஒரு மோட்டாரிலிருந்து பிறந்த தொழில் உங்களுடையது. பழுதுபார்க்க முடிந்ததாக அதை வைத்திருக்கும் பொறுப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது.

வைண்டிங் கடைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மோட்டாரின் காயில் கருகி அங்கே போனால், கடைக்காரர் அதை வெட்டி எடுக்கும் முன் செய்யும் முதல் வேலை எண்ணுவது. எத்தனை பள்ளம், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குத் தாவுகிறது, ஒயரின் கேஜ் என்ன. கருகிய கம்பியின் எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். பழைய கடைகளில் அந்த நோட்டு, கல்லாப்பெட்டியைவிடப் பத்திரமாக இருக்கும். உங்கள் தொழிற்சாலையின் கணினியில் இருக்கும் நான்கு எண்களைத்தான் அவர் இப்படி ஒவ்வொரு மாடலாகச் சாம்பலிலிருந்து மீட்டெடுக்கிறார். உருகி ஒட்டிக்கொண்ட காயிலில் எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும்? சுற்று குறைந்தால் மின்னோட்டம் கூடி மோட்டார் சுடும். கேஜ் மெலிந்தாலும் சுடும். செம்புக்குப் பதில் அதே தடிமனில் அலுமினியம் சுற்றினால் மின்தடை ஏறத்தாழ 1.6 மடங்காகும். வாடிக்கையாளருக்கு இந்த மூன்றில் எது நடந்தது என்று தெரிய வழியில்லை. மூல அளவு மூடியில் எழுதியிருந்தால் அவர் கேட்பார். 'எத்தனை சுற்று போட்டீர்கள்?' என்று கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் கடைகளும் நேர்த்தியாகும்.

இது எத்தனை வீடுகளின் கவலை என்பதற்கு ஒரு சான்று போதும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் ஒன்றே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை இலக்காக வைத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று மோட்டார்கள். அவற்றைத் தயாரித்துக் கொடுத்தவர்களும் உங்களில்தான் இருக்கிறார்கள். அந்தக் கருவிகளில் பல இன்றும் ஓடுகின்றன, இரண்டு முறை கார்பன் மாற்றி, ஒரு முறை காயில் கட்டி. அவற்றை ஓட வைத்திருப்பது எந்த ஆவணமும் இல்லாமல் வேலை செய்யும் கைகள்.

அரசும் சட்டமும் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. வீட்டு உபயோகப் பொருள்கள் அதன் கவனத்துக்குரிய நான்கு துறைகளில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையவாயிலும் திறக்கப்பட்டது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் சில மின்கருவிகளின் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும்; அந்த மதிப்பெண்ணில் தொழில்நுட்ப ஆவணங்கள் கிடைக்கின்றனவா என்பதும் ஒரு பகுதி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்ப்பு குறித்துத் தனி நெறிமுறையே நிறைவேற்றியது. கட்டாயம் வரும்வரை காத்திருந்து, வந்த பிறகு குறைந்தபட்சத்தை மட்டும் செய்வது ஒரு வழி. இந்த மடல் அதைவிட மேலானதை உங்களிடம் எதிர்பார்க்கிறது.

புதிய ஃபேன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரியில் கட்டாயமானது. அதன் பிறகு பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன்கள் வேகமாகப் பரவுகின்றன. பழைய ஃபேன் 70-75 வாட் இழுக்கும் இடத்தில் இவை 30 வாட் சுமாரில் ஓடுகின்றன. மின்சிக்கனத்தைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம்; வரவேற்க வேண்டியது. ஆனால் இவற்றின் மூளை ஒரு சர்க்யூட் போர்டில் இருக்கிறது. காயில் நன்றாக இருந்தும் போர்டு போனால் ஃபேன் நிற்கும். மூன்று ஒயர்களை அளந்து கண்டுபிடிக்கும் பழைய கணக்கு அதற்கு உதவாது. போர்டைத் தனியாக விற்பதும், அதில் எந்த இணைப்பு எதற்கு என்று அச்சிடுவதும் நடக்காவிட்டால், இருபது ஆண்டு ஓட வேண்டிய காந்தமும் செம்பும் ஒரு போர்டுக்காகக் காயலான் கடைக்குப் போகும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததை அங்கே இழப்போம்.

அடிமூடிக்குள் வைக்கச் சொல்லும் அந்த ஒயரிங் படத்தில் என்ன இருக்க வேண்டும்? ஒரு உள்ளங்கை அளவு இடம் போதும். காயில்களின் முனைகளும் அவற்றின் பெயர்களும். சுவிட்சின் எந்தக் காலில் எந்த முனை. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே இருக்க வேண்டிய மின்தடை ஓமில். கண்டென்சரின் மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும். மேலிருந்து பார்த்தால் சுழல வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி. எர்த் திருகின் இடம். வைண்டிங் கடைக்காக, சுற்றின் எண்ணிக்கையும் கேஜும். ஸ்டிக்கராக ஒட்டினால் எண்ணெயும் சூடும் அதைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் மூடியின் அச்சிலேயே பொறித்துவிட்டால் அது மூடி உள்ளவரை இருக்கும். ஒயர் முனைகளுக்கு நிறத்தை மட்டும் நம்பாமல் சிறு எண் வளையங்களைக் கோத்துவிட்டால், கரி படிந்த பிறகும் விரலால் துடைத்துப் படிக்கலாம். கார்பனுக்கும் ஓர் அடையாளம் தேவை. தேய்ந்த முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பக் குழிந்திருக்கும். சுத்தம் செய்துவிட்டுத் திருப்பிப் போட்டால் சரியாக உட்காராமல் பொறி பறக்கும். எந்தப் பக்கம் மேலே என்று காட்ட, கார்பன் கூட்டில் ஒரு புள்ளி வைத்தாலே போதும்.

இன்று ரேட்டிங் தட்டில் நீங்கள் வோல்ட், வாட், சுற்று வேகம் மட்டுமல்லாமல், எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதையும் பொறிக்கிறீர்கள். மிக்ஸிக்கு ஐ.எஸ். 4250, சீலிங் ஃபேனுக்கு ஐ.எஸ். 374 என்று தர எண்ணும் அச்சாகிறது. அவையெல்லாம் வெளியே, வாங்குபவருக்காக. உள்ளே, பழுதுபார்ப்பவருக்காக ஒரு வரியும் இல்லை.

ஏற்கெனவே விற்றுவிட்ட கருவிகளின் அடிமூடியை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அவற்றின் மாடல் எண் ரேட்டிங் தட்டில் இருக்கிறது. அவற்றின் படங்களும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. நிறுத்திவிட்ட மாடல்களும், அரசுத் திட்டத்துக்காகச் செய்து கொடுத்த மாடல்களும் உட்பட எல்லாவற்றின் படத்தையும், மாடல் எண்ணைத் தட்டினால் கிடைக்கும்படி பொதுவில் வையுங்கள். கடவுச்சொல் வேண்டாம், டீலராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம், விளக்கம் தமிழிலும் இருக்கட்டும். புதிய மாடலுக்கு அச்சு வெட்டக் கொடுக்கும்போது மூடியின் உட்புறத்தையும் வரைபடத்தில் சேர்த்து அனுப்புங்கள். எந்த நிறுவனம் இதை முதலில் செய்கிறதோ, அதன் பெயரை வைண்டிங் கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வார்கள். அடுத்த மிக்ஸி எது வாங்கலாம் என்று ஊரில் பலரும் கேட்பது அவர்களிடம்தான்.

இப்படிக்கு,
கழற்றியதைச் சரியாக மாட்ட விரும்பும் வீடுகளின் சார்பில்